கடைசிப் பந்தியின் குடல்

பழைய சோற்றுக்கு இப்போது மவுசு வந்துவிட்டது. மண்சட்டியில் நீராகாரத்தோடு ஊற்றி, ஓரத்தில் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்து நட்சத்திர விடுதிகளின் காலை உணவு வரிசையில் அடுக்குகிறார்கள். யூடியூபைத் திறந்தால் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறார். பேச்சின் நடுவில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "நம்ம பாட்டிங்க எல்லாம் முட்டாளா?" அடுத்த வாக்கியம் இன்றைய பெண்களைப் பற்றியது. மிக்சி வந்தது, குக்கர் வந்தது, பொம்பளைங்களுக்குச் சோம்பல் வந்தது, வீட்டுக்கு வீடு வயிற்றுக்கோளாறு வந்தது.

பாட்டிகள் முட்டாள்கள் இல்லை. ஆனால் அந்தப் பாட்டி ஏன் பழைய சோறு உண்டாள் என்று இந்தப் பேச்சாளர்கள் கேட்டதே இல்லை. ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, வந்த விருந்தாளி உண்டு முடித்த பிறகு பானையின் அடியில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். காலையில் மற்றவர்களுக்கு இட்டிலி வார்த்துக் கொடுத்துவிட்டு அதைப் பிழிந்து உண்டாள். பண்ணையில் வேலை செய்தவளுக்கோ மேலத்தெரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் தூக்கி ஊற்றப்பட்ட மிச்சம் அது. அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்காத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதற்குப் பெயர் பாரம்பரிய ஞானமா?

'பந்திக்கு முந்து' என்ற பழமொழி பெண்ணைப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல. அவளுக்கென்று வேறொன்று இருக்கிறது. குறைத்து உண்பதுதான் பெண்ணுக்கு அழகு என்கிறது கொன்றை வேந்தன். அதையும் ஔவையின் பெயரில், அதாவது ஒரு பெண்ணின் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நீதிநூல் பாடத்தில் இந்த இடம் வரும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ஒன்று கேட்பேன்: நேற்று ராத்திரி உங்கள் அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? என்ன சாப்பிட்டார்? முதல் கேள்விக்குச் சிலருக்குப் பதில் தெரியும். இரண்டாவதற்கு அநேகமாக யாருக்கும் தெரியாது.

காவிரி கடலில் கலக்கும் ஊரிலேயே நம் இலக்கியம் ஒரு பெண்ணின் வயிற்றை முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மணிமேகலையின் காயசண்டிகை. ஒரு முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்பதற்கென்று வைத்திருந்த நாவல்கனியைத் தெரியாமல் காலால் சிதைத்துவிட்டாள். சாபம் என்ன தெரியுமா? பன்னிரண்டு ஆண்டு தீராப் பசி. யானைத்தீ என்று அதற்குப் பெயர். புகார் நகரத் தெருக்களில் எதைத் தின்றும் ஆறாத வயிற்றோடு அலைகிறாள் அவள். ஆணின் பட்டினிக்குப் பெயர் தவம். பெண்ணின் பசிக்குப் பெயர் நோய், அதுவும் தண்டனையாக வந்த நோய். ஒரே கதைக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த சாத்தனாரை இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பப் படிக்கலாம்.

நம் காலத்துக் கவிதைக்கு வருகிறேன். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது நடந்த கூச்சல் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கூச்சலைத் தாண்டி முலை, யோனி, கருப்பை எல்லாம் கவிதைக்குள் வந்துவிட்டன. குடல் வரவில்லை. நானும் கவிதை எழுதுகிறவள்தான். மலச்சிக்கல் என்ற சொல்லை ஒரு வரியில் வைக்க எனக்கும் கை கூசுகிறது. தீண்டாமை உடலுக்குள்ளேயே ஓர் உறுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கருப்பையை வழிபடவோ வெட்டி எடுக்கவோ ஆள் இருக்கிறது. குடலைப் பற்றிப் பேச ஆளில்லை. விளைவு, மூலநோயோடு பத்து வருடம் வாழ்ந்தவள் அதைத் தன் தங்கையிடம்கூடச் சொல்லாமல் இருக்கிறாள்.

இனி சோற்றுக்கு வருவோம். தஞ்சைக்காரிக்கு அதுதான் நியாயம்.

1920களின் இரண்டாம் பாதியில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்பதைத் தனித்தனி எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்று சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய 'மதராசி' உணவு தின்றவை வரிசையின் கடைசியில் நின்றன. மோசமான தென்னிந்திய உணவு தின்ற எலிகளின் இரைப்பையிலும் குடலிலும் புண் வந்ததையும் அவர் எழுதி வைத்தார். அந்த ஆய்வுக்கூடம் பிறகு ஐதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்கரிசனை இரண்டு விதமாகப் படிக்கலாம். வீரம் மிக்க இனம், சோப்பளாங்கி இனம் என்று இந்தியர்களைப் பிரித்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த ஆட்சியின் மருத்துவர் அவர். சீக்கிய எலி ஜெயித்ததில் அந்த ஆட்சிக்கு வசதி இருந்தது. ஆனால் தீட்டிய அரிசியைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. என் சண்டை வேறிடத்தில். அந்தக் கூண்டில் எல்லா எலிக்கும் ஒரே உணவு. ஆண் எலி தின்று முடிக்கும்வரை பெண் எலி ஓரமாக நின்று விசிறவில்லை. 'மதராசி உணவு' என்று ஒன்று ஆய்வுக்கூடத்தில்தான் உண்டு. எங்கள் தஞ்சை வீடு ஒன்றுக்குள்ளேயே இரண்டு, மூன்று உணவு இருக்கிறது. குழம்பில் கிடந்த காய் முதல் பந்திக்கு, அடியில் தங்கிய பருப்புத் தண்ணீர் நடுப் பந்திக்கு, சோறும் ரசமும் ஊறுகாயும் கடைசிப் பந்திக்கு. மாவுச்சத்து மட்டும் பந்தியின் கடைசிவரை வந்து சேரும். நாரும் புரதமும் வழியிலேயே இறங்கிவிடும்.

அதே காலத்தில் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் இந்தியா வந்தார். 1928 முதல் பம்பாயின் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் கர்ப்பகாலத்தில் வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் வேலை பார்த்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் அன்று சாதி – கோஷா ஆஸ்பத்திரி என்றே பெயர் தாங்கி நின்ற, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் 1931இல் பணிபுரிந்தார். கிருமியைத் தேடியவர் அந்தப் பெண்களின் தட்டைத் தேடிப் போனார். காய், கீரை, பழம், புரதம் எதுவும் இல்லாத தட்டு. மலிவாகக் கிடைத்த ஈஸ்ட் சாறு, அந்த மார்மைட்டைக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது. அதற்குள் இருந்தது என்னவென்று அன்று தெரியவில்லை. பின்னாளில் 1941இல் பசலைவகைக் கீரையிலிருந்து பிரித்து, இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கொடுக்கும் மாத்திரையின் வேர் தொழிலாளிப் பெண்களின் வெறுந்தட்டில் இருக்கிறது. மெக்கரிசன் பெயரைச் சொல்கிற உணவுப் பேச்சாளர்கள் லூசி வில்ஸ் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அரிசிக்குள் ஒரு சாதிக் கதையும் இருக்கிறது. டச்சுக்காரர் எய்க்மான் 1890களில் ஜாவாவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் தள்ளாடுவதைக் கண்டதிலிருந்து பெரிபெரி நோயின் காரணம் துலங்கத் தொடங்கியது. தவிட்டோடு போய்விடும் தயமின் என்ற உயிர்ச்சத்து இல்லாமல் வருவது அது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி ஆந்திரக் கடற்கரையில், பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வடசர்க்கார் பகுதியில் பரவியது. அதே அளவு சோறு உண்ட தமிழ்ப் பகுதியில் இல்லை. காரணம் புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் உயிர்ச்சத்து நீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

நெல் அவித்தது யார்? விடிவதற்கு முன் அண்டாவுக்கு அடியில் உமியைத் தள்ளித் தள்ளி எரித்தவள், ஆவி பறக்கும் நெல்லைக் களத்தில் கொட்டி வெயிலில் காலால் துழாவிக்கொண்டே நடந்தவள். ஒரு மாகாணத்தின் பாதியைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றிய வேலை அது. அந்த அரிசிக்கு என்ன மரியாதை? ஒருமுறை வெந்துவிட்டதால் தீட்டு. சாமிக்கு ஆகாது, திவசத்துக்கு ஆகாது. பச்சரிசி உயர்ந்தது, வெள்ளையாக இருப்பது இன்னும் உயர்ந்தது. அக்ரகாரம் உண்டதைப் பார்த்து மிராசு, மிராசைப் பார்த்து ஊர். குடலுக்கு நல்லதைக் கீழே வைத்து, கெட்டதைச் சுத்தம் என்று மேலே தூக்கி வைத்தது சாதி. இப்போது அதே வீட்டுப் பேரன்கள் புழுங்கலரிசியின் பெருமையை நமக்கு வகுப்பெடுக்கிறார்கள்.

கைக்குத்தல் அரிசிக்கும் இதே கதைதான். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்தியவர், அரிசி ஆலைகளுக்கு எதிராகக் கடைசிவரை வாதாடினார். தவிட்டைப் போக்கினால் சத்து போகும், குத்துகிற ஏழைப் பெண்ணின் கூலியும் போகும் என்றார். இரண்டும் உண்மை. ஆனால் இன்று கிலோ நூறு ரூபாய்க்கு மேல் 'கைக்குத்தல்' என்று அட்டை ஒட்டி விற்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது: கை யாருடையது? உலக்கை பிடித்துக் கை காய்த்து, பிள்ளை பெற்ற சில வாரத்தில் மறுபடி உரலுக்குப் போய் அடி இறங்கிப்போன பெண்களை எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். ஆலை வந்ததை அவர்கள் சோம்பலில் வரவேற்கவில்லை. தவிடு நீக்காத அரிசி வேண்டுமென்றால் ஆலையின் தீட்டும் கல்லைத் தளர்த்தினால் போதும். அதற்குப் பெண்ணின் தோள்பட்டை தேவையில்லை.

குடலுக்குத் தவிடு ஏன் வேண்டும்? ஆறு மீட்டர் அளவுள்ள சிறுகுடல் மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். நாரை அதனால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குப் போய் அங்கே கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு அமிலங்களை வெளிவிடுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் முக்கியமாக வாழ்வதே இந்த பியூட்டிரேட்டில்தான். நார், நீரைப் பிடித்து மலத்தை இளக்கமாகவும் வைத்திருக்கிறது. தீட்டிய பச்சரிசி நூறு கிராமில் நார் மூன்று கிராம்கூட இல்லை. கேழ்வரகில் பதினொரு கிராம். கேழ்வரகு டெல்டா வயலில் விளைவதில்லை, இங்கே தண்ணீர் வந்தால் நெல்தான். ஆனால் வயலில் நெல்லோடு வேறு என்னென்னவோ விளைந்தன.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த உணவு நூலிலும் இது வராது. களையெடுக்கப் போன பெண்ணின் மடியில் மாலையில் ஆரைக்கீரை இருக்கும், பொன்னாங்கண்ணி இருக்கும், வரப்போரத்துக் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும் இருக்கும். வாய்க்கால் வற்றும்போது கெண்டையும் கெளுத்தியும், வரப்பு வளையில் நண்டு, சேற்றில் நத்தை, அறுப்பு முடிந்ததும் எலி. மூலத்துக்கு நத்தைக்கறி என்று சேரிப் பெண்கள் சொல்வதை மேலத்தெரு மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டது. இரும்பும் பி12உம் புரதமும் கொண்ட தட்டு அது. நெல்லைத் தவிர எதையும் உணவென்று மதிக்காத பண்ணையம், அந்தத் தட்டை இழிவென்று சொல்லியே வைத்திருந்தது. தை மாதம் அறுப்புக்கு முன் ஈர வயலில் தெளிக்கும் உளுந்தும் பயறும் பெண்கள் குனிந்து பறித்தவைதாம். மூட்டை மட்டும் மண்டிக்குப் போனது.

1960இல் நாட்டிலேயே முதல் மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண் திட்டம் வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ 27 குறுவை வயல்களை நிரப்பியது. மகசூல் ஏறியது, பஞ்சம் விலகியது, அதை நான் மறுக்கவில்லை. கூடவே பூச்சிமருந்து வந்து நண்டையும் நத்தையையும் மீன்குஞ்சையும் கொன்றது. பிறகு களைக்கொல்லி வந்தது. ஒரு தெளிப்பில் களையெடுப்புக் கூலி போயிற்று, அதே தெளிப்பில் மடியில் வந்த கீரையும் போயிற்று. இந்த இரண்டாவது நட்டத்தை எந்தக் கணக்குப் பிள்ளையும் எழுதவில்லை. ஏனென்றால் அதற்கு விலையே இருந்ததில்லை. பிறகு அவளிடம் வந்து, "கீரை சேத்துக்கணும்மா, டெய்லி கீரை" என்கிறார் சுகாதார நிலையத்து மருத்துவர்.

டெல்டாவில் குடல் என்றைக்கும் அரசியல்தான். பண்ணையாட்களைச் சவுக்கால் அடித்துச் சாணிப்பால் குடிக்கவைத்த ஊர் இது. அந்தத் தண்டனையை ஒழிக்க செங்கொடிச் சங்கம் போராடி 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட பிறகுதான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி என்பது ஒரு குடும்பத்தின் கடைசிப் பந்தி. அந்த அரைப்படி இல்லாவிட்டால் யார் சாப்பிடமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, சாப்பிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். சாப்பிட்டது வெளியே போக வேண்டாமா?

தூங்கி எழுந்து முதல் கவளமோ ஒரு டம்ளர் காப்பியோ உள்ளே போனதும் பெருங்குடல் தானாக அசையும். நாளிலேயே அது வலுவாக அசையும் நேரம் காலைதான். அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள்? அடுப்படியில். கணவனுக்கு டிபன் பாக்ஸ், பிள்ளைக்குப் பள்ளி வேன், மாமியாருக்கு வெந்நீர். உந்துதல் வருகிறது, அடக்குகிறாள். அடக்க அடக்க மலக்குடல் நிறைந்ததைச் சொல்லும் உணர்வே மழுங்குகிறது. உள்ளே தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் பெருங்குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கல்லாகிறது. முக்குகிறாள், மூலம் வருகிறது. இதற்குப் பெயர் சோம்பலா?

நடவுக்குப் போகிறவளின் நிலை இன்னும் மோசம். எங்கள் வயல்வெளி தட்டையானது, கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பு கிடையாது. நடவு நாளில் ஆண்கள் வாய்க்கால் கரையில் ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கொளுத்தும் வெயிலில், முழங்கால் சேற்றில், குனிந்தபடி. நார் சாப்பிடு என்று இவர்களுக்குச் சொல்வது ஆபத்துகூட. தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் சிக்கல் இறுகும். செருப்பில்லாத காலோடு நிற்கும் ஈர மண்ணில் கொக்கிப்புழு வேறு. தோல் வழியாக ஏறி, சிறுகுடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிப்பது அது. மதராஸ் மாகாணத்தில் 1920களிலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கினார்கள். நூறாண்டு ஆகிறது. நடவு வயலுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை இன்னும் யாருடைய திட்டத்திலும் இல்லை.

படித்தவர்கள் தப்பித்தோமா? நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆயிரத்துக்கு மேல் பெண்கள், உருப்படியான கழிப்பறை நான்கு. அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாணவிகள் காலை ஏழு மணிப் பேருந்தில் வெறும் வயிற்றில் ஏறி, மாலை வீடு திரும்பும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் வைத்திருப்பார்கள். துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பேராசிரியர், "இலக்கியம் பேச வேண்டிய இடத்தில் இதெல்லாம் எதுக்கு மேடம்" என்றார். மாதவிலக்கு நாளில் வயிறு இளகிப்போவது ஏன், அதற்கு முந்தைய வாரத்தில் இறுகுவது ஏன் என்று அந்தப் பெண்களுக்கு எவரும் சொன்னதில்லை. முந்தைய வாரத்தில் புரொஜெஸ்டிரோன் குடலை மந்தப்படுத்துகிறது. ரத்தப்போக்கு தொடங்கும்போது கருப்பையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் பக்கத்திலிருக்கும் குடலையும் சேர்த்துச் சுருக்குகிறது. இரண்டு வாக்கியம். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் இந்த இரண்டு வாக்கியத்துக்கு இடமில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் நடப்பதைக் கேளுங்கள். கீரை குளிர்ச்சி, பழம் சளி, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும். பூண்டுக் குழம்பும் சோறும், ஓர் உருண்டை லேகியம். கர்ப்ப காலம் முழுக்க மந்தமாகிக் கிடந்த குடல், கீழே தையல், கூடவே இரும்பு மாத்திரை. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் மலம் கழிக்காமலே நான்கு நாள் கிடந்த பெண்களை எனக்குத் தெரியும். பூண்டும் சுக்கும் லேகியமும் இருக்கட்டும்; அவற்றில் அக்கறை இருக்கிறது, மணம் இருக்கிறது. தண்ணீரை மறுக்கும் உரிமையை யார் கொடுத்தார்கள்? பால் சுரக்கிற உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். மருமகளின் வயிறு பெருக்கக் கூடாது என்ற கவலை அழகைப் பற்றியது, குடலைப் பற்றியது அல்ல.

இரும்பு மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள் என்று செவிலியர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மாத்திரை தேவைதான், சாப்பிட வேண்டும். ஆனால் உறிஞ்சப்படாத இரும்பு குடலில் தங்கிக் குமட்டலையும் சிக்கலையும் தரும், மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்? கறுத்ததைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறாள். காப்பியோடும் டீயோடும் சேர்த்து விழுங்கினால் பாதி வீண். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் ஏறும். கும்பகோணத்து டிகிரி காப்பியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். இன்னொன்று: விரதமும் பட்டினியும் சேர்ந்து வரும் நெஞ்செரிச்சலை எல்லாம் 'அல்சர்' என்று சொல்லி மருந்துக்கடையில் பான்டோப்ரசோல் அட்டையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கம். இரைப்பை அமிலத்தை அப்படி நீண்டநாள் அடக்கினால் இரும்பும் பி12உம் உடம்பில் ஏறுவது குறைகிறது. ஒரு மாத்திரை இன்னொரு மாத்திரையைத் தின்கிறது.

வெள்ளை வேட்டிக்காரருக்கு ஒரு பாக்கி இருக்கிறது. நூறு கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, இரவு ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காக ஒரு செய்தி சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியாவால் அதை உண்டாக்க முடியாது. பழைய சோற்றில் நடப்பது வேறு. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் உடைவதால், இருக்கிற கொஞ்சம் இரும்பு எளிதாக ஏறுகிறது. ஆறிய சோற்றில் மாவின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, நாரைப் போலவே பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளிடம் இதை முறையாக ஆராய்கிறார்கள். நல்ல உணவுதான். ஆனால் இல்லாத இரும்பை இருப்பதாகச் சொல்லும் செய்தி யாரிடம் போய்ச் சேர்கிறது? ரத்தசோகை உள்ளவளிடம். பழைய சோறு போதும், முட்டையும் மீனும் உனக்கு எதற்கு என்கிறது அது. கொன்றை வேந்தன் செல்போனில் வந்திருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அதனால் கடைசிப் பந்திக்கும் சோறு வந்தது, அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சோற்றோடு எது வந்தது? ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய்க்கு. ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட வராது. பிறகு செறிவூட்டிய அரிசி தந்தார்கள், கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்த்து. குடலில் புழுவும் தொற்றும் அழற்சியும் இருக்கும்போது உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து இரும்பு ஏறும் வாசலையே சாத்திவிடும். கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இல்லாத ஊரில் அரிசிக்குள் எவ்வளவு இரும்பை வைத்தாலும் பாதி வாசலிலேயே நிற்கும்.

நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லை வாங்கி, அரவைக்கு அனுப்பி, தீட்டி, போன சத்துக்குப் பதில் ஆலைச் சத்தைக் கலந்து திருப்பித் தந்தார்கள். தவிடு எண்ணெய் ஆலைக்குப் போய், இதயத்துக்கு நல்லது என்று பாட்டிலில் திரும்பி வருகிறது. முழுத் தவிட்டரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கிடங்கில் தங்காது என்பார்கள். உண்மை. தவிட்டு எண்ணெயை நொதி சிதைப்பதால் வருவது அது. அவிக்கும்போது அந்த நொதி அடங்குகிறது. ஆக புழுங்கலரிசியைக் குறைவாகத் தீட்டித் தருவதில் பெரிய வித்தை இல்லை. நெல் பதப்படுத்துவதற்கென்றே தொடங்கி வளர்ந்த மத்திய நிறுவனம் தஞ்சாவூரிலேயே புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. கேட்க வேண்டியது எத்தனை விழுக்காடு தீட்ட வேண்டும், பருப்பு இரண்டு கிலோவாக எப்போது ஆகும், ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்திலும் நடவு வயல் ஓரத்திலும் தூக்கி வைக்கக்கூடிய கழிப்பறை எந்த ஊராட்சியின் தீர்மானத்தில் வரும் என்பது. கிராம சபை வருடத்துக்குச் சில முறை கூடுகிறது. அங்கே எழுந்து மலம் என்ற சொல்லை ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.